உண்ணிச்செடி: தோட்டத்துக்கு வந்த பூ காட்டைப் பிடித்த கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மலையடிவாரத்தில் அரை ஏக்கர் நிலத்தில் இந்தச் செடியோடு சில வருடங்களாக மல்லுக்கட்டி வருகிறேன். பார்க்க வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

உண்ணிச்செடி என்பது எது? எப்படி அடையாளம் காண்பது?

ரோட்டோரம், ரயில் பாதை ஓரம், தரிசு நிலம், மலைப்பாதை என எங்கு போனாலும் சின்னச் சின்னப் பூக்கள் கொத்தாக, நடுவில் மஞ்சளும் சுற்றிலும் ரோஸும் கலந்து பூத்திருக்குமே, அதுதான். சில இடங்களில் ஆரஞ்சும் சிவப்புமாக இருக்கும். உண்ணிப்பூ என்றும் சொல்வார்கள். இலங்கைத் தமிழர்களுக்கு இது நாயுண்ணி. நர்சரியில் லந்தானா என்று கேட்டால் கொடுப்பார்கள். தாவரவியல் பெயர் லந்தானா கமாரா.

பூ இல்லாத நாளிலும் கண்டுபிடித்துவிடலாம். தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், உருளாது. நான்கு பட்டையாக இருக்கும். பட்டைகளின் விளிம்பில் பின்னோக்கி வளைந்த குட்டி முட்கள் இருக்கும். இலை எதிரெதிராக, ஓரம் ரம்பம் போல, தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்த்தால் அப்புறம் வேறு அடையாளமே தேவைப்படாது. அந்தக் காரமான வாசனை கையை விட்டுப் போகவே நேரம் பிடிக்கும்.

இவ்வளவு அழகான பூவை ஏன் களை என்கிறீர்கள்?

அழகுதான், அதை நான் மறுக்கவில்லை. அழகாக இருந்ததால்தான் கடல் தாண்டி இங்கே கொண்டுவந்தார்கள். களை என்பது செடியின் குணத்தைப் பழிக்கும் சொல் இல்லை. அது இருக்கும் இடத்தில் மற்றது எதுவும் வளர முடியவில்லை என்பதற்கான சொல். தொட்டியில் இருக்கும் வரை அது பூச்செடி. பறவை ஒன்று அதன் பழத்தைத் தின்று காட்டுக்குள் போய் எச்சம் போட்ட நாளிலிருந்து கதை வேறு.

உலகின் மிக மோசமான 100 அயல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் நிபுணர் குழு தொகுத்த பட்டியலில் இதுவும் இருக்கிறது. இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி, நம் நாட்டில் புலிகள் வாழும் காட்டுப் பரப்பில் 40 சதவீதத்துக்கும் மேல், சுமார் 1.54 லட்சம் சதுர கிலோமீட்டரில், இந்தச் செடி பரவியிருக்கிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.30 லட்சம் சதுர கிலோமீட்டர்தான். ஒரு மாநிலத்தை விடப் பெரிய பரப்பை ஒரு தோட்டப்பூ பிடித்துக்கொண்டிருக்கிறது.

எங்கிருந்து வந்தது?

சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். 17ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கண்ணாடிக் குடில்களில் வைத்து ஒன்றோடொன்று கலப்புச் செய்து, புதுப்புது நிறங்களில் ரகங்களை உண்டாக்கினார்கள். பெயரிட்ட ரகங்கள் மட்டும் 650க்கும் மேல். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறொரு கேள்விக்குத் தேவைப்படும்.

இந்தியாவுக்கு வந்தது 1800களின் தொடக்கத்தில். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய தாவரவியல் தோட்டத்தில் அழகுச் செடியாக வைத்தார்கள். அங்கிருந்து பங்களாக்களுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் வேலிச்செடியாகப் போனது. ஆடு மாடு வாய் வைக்காது, முள் இருக்கிறது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், வருடம் முழுக்கப் பூ. வேலிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்கும். வேலிக்குச் சாதகமாக எண்ணிய அதே குணங்கள்தான் பிற்பாடு காட்டுக்குப் பாதகமாக முடிந்தன.

ஒரே கொத்தில் எப்படி இரண்டு மூன்று நிறம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. காலையில் ஒரு கொத்தைப் பறித்துக் கையில் வைத்துப் பாருங்கள். நடுவில் இன்னும் விரியாத மொட்டுகள் சதுரமாக மடித்து வைத்த காகிதம் போல இருக்கும். அதை ஒட்டி ஒரு வட்டம் மஞ்சள் பூக்கள். அதற்கு வெளியே ஆரஞ்சு. ஓரத்தில் ரோஸ். கொத்து வெளியிலிருந்து உள்நோக்கி விரிகிறது. அதனால் ஓரத்தில் இருப்பது மூத்த பூ, நடுவில் இருப்பது இளைய பூ. எல்லாப் பூவும் மஞ்சளாகத்தான் பிறக்கிறது. வயதாக ஆக நிறம் மாறுகிறது.

இதை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் ஃபிரிட்ஸ் முல்லர். பிரேசிலில் வாழ்ந்த ஜெர்மன் இயற்கையாளர். அவர் பார்த்த செடியில் பூ முதல் நாள் மஞ்சள், இரண்டாம் நாள் ஆரஞ்சு, மூன்றாம் நாள் ஊதா. வண்ணத்துப்பூச்சிகள் முதல் நாள் மஞ்சள் பூவைத்தான் தேடி வருகின்றன, சில இரண்டாம் நாள் பூவையும் தொடுகின்றன, ஊதாவின் பக்கம் போவதில்லை என்று 1877இல் எழுதினார். அப்புறம் 1984இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் எச்.ஒய்.மோகன்ராமும் கீதா மாத்தூரும் காரணத்தை ஆராய்ந்து சொன்னார்கள். மகரந்தச் சேர்க்கை நடந்ததும் பூவுக்குள் ஆந்தோசயனின் என்ற நிறமி உண்டாகிறது, அதனால் நிறம் மாறுகிறது.

சரி, தேன் தீர்ந்த பூவைச் செடி ஏன் உதிர்க்காமல் வைத்திருக்கிறது? கொத்து பெரிதாகத் தெரிந்தால்தான் தூரத்தில் பறக்கும் பூச்சிக்குக் கண்ணில் படும். கிட்டே வந்ததும் எது தேன் உள்ள பூ என்று நிறமே காட்டிக்கொடுத்துவிடும். பூச்சிக்கும் அலைச்சல் மிச்சம், செடிக்கும் ஒரு பூ விடாமல் காய் பிடிக்கும். இந்தச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கும்போதும் இதை நினைத்தால் எனக்கு மரியாதை வரும்.

இவ்வளவு வேகமாக எப்படிப் பரவுகிறது?

பழம்தான் காரணம். காய் பச்சையாக, கொத்துக் கொத்தாக, ரத்தம் குடித்து உப்பிய உண்ணியைப் போல இருக்கும். பழுத்தால் பளபளவென்று கருநீலம். ஒரு செடி வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் காய்க்கும். கொண்டைக்குருவிக்கு இந்தப் பழம் என்றால் உயிர். தின்றுவிட்டுப் பக்கத்து மரத்தில் போய் உட்கார்ந்து எச்சமிடும். பறவை உட்காரும் மரத்தின் அடியில் போய்ப் பாருங்கள், அங்கேதான் நாற்று முதலில் முளைத்திருக்கும். மைனாவும் உதவும், குரங்கும் கரடியும் உதவும்.

விதை மட்டும் இல்லை. கிளை வளைந்து மண்ணைத் தொட்டால் தொட்ட இடத்தில் வேர் விடும். வெட்டிவிட்டால் தூரிலிருந்து தழைத்து வரும். மண்ணில் விழுந்த விதை சில வருடங்கள் காத்திருந்தும் முளைக்கும். வெயில் பட்டால் போதும். காட்டில் எங்கே மரம் வெட்டினாலும், ரோடு போட்டாலும், தீப்பிடித்தாலும் அங்கே முதல் ஆளாக இது வந்து நிற்கும்.

காட்டில் பச்சையாக ஏதோ ஒன்று இருக்கிறது. அதனால் விலங்குகளுக்கு என்ன நஷ்டம்?

தூரத்தில் இருந்து பார்த்தால் காடு செழிப்பாகத்தான் தெரியும். முதுமலை வழியாக பஸ்ஸில் போகிறவர்கள் "எவ்வளவு பசுமை" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். குனிந்து அந்தப் புதருக்குள் பார்க்க வேண்டும். அடியில் புல் இருக்காது. காய்ந்த குச்சியும் சருகும் வெறும் மண்ணும்தான். செடியின் இலையிலும் வேரிலும் இருந்து கசியும் பொருள்கள் மற்ற விதைகளை முளைக்க விடாமல் தடுக்கின்றன. போதாக்குறைக்கு நிழல்.

யானையின் வயிறு நிறையப் புல் வேண்டும், மூங்கில் வேண்டும். மானுக்கும் காட்டெருமைக்கும் புல் வேண்டும். உண்ணி இலையை எதுவும் விரும்பித் தின்னாது. ஆக, வரைபடத்தில் காடு அப்படியே இருக்கிறது, உள்ளே சாப்பாடு குறைந்துவிட்டது. யானை வாழைத் தோட்டத்துக்கு ஏன் வருகிறது என்று கோபத்தோடு கேட்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இது ஒன்று மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். வழித்தடத்தில் கட்டடம், வேலி, ரோடு எல்லாம் இருக்கின்றன. ஆனால் இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு ஆபத்து, பாதையோரப் புதர். ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்த புதருக்குப் பின்னால் யானை நின்றால் பத்தடி தூரத்தில் கூடத் தெரியாது. காட்டோரக் கிராமங்களில் விடியற்காலையில் நடந்து போகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

மூன்றாவது, தீ. இந்தச் செடி காய்ந்தால் நல்ல விறகு. மரத்தின் மேல் ஏறிப் படர்ந்திருப்பதால் தரையில் ஓடும் தீயை ஏணி வைத்தது போல மர உச்சிக்கு ஏற்றிவிடும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தபோது காய்ந்து கிடந்த உண்ணிப் புதர்களைப் பற்றி நிறையப் பேசினார்கள்.

குழந்தைகள் இந்தப் பழத்தைச் சாப்பிடலாமா?

கிராமத்தில் வளர்ந்தவர்களில் பலர் கருத்த பழத்தைத் தின்றிருப்பார்கள். "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். ஆனால் பச்சைக் காய் நஞ்சு. சின்னக் குழந்தைக்குப் பழுத்தது எது, காய் எது என்று தெரியாது. ஒரே கொத்தில் இரண்டும் இருக்கும். அதனால் என் பதில், வேண்டாம். குழந்தை காயைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கொத்தைக் கையோடு எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவும்.

ஆடு மாடு தின்றால்?

பழகிய மாடு பொதுவாக மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும். கோடையில் புல்லே இல்லாதபோதும், வெளியூரிலிருந்து புதிதாக வாங்கி வந்த மாட்டை மேய விடும்போதும்தான் பிரச்சினை. இலையில் இருக்கும் லந்தாடின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். பித்தம் வெளியேறாமல் தேங்கும். தீவனம் எடுக்காது, சாணி இறுகும், கண் மஞ்சளாகும். அப்புறம் வெயில் பட்ட இடத்தில், முக்கியமாக மூக்கிலும் காதிலும் வெள்ளை ரோமம் உள்ள பகுதியிலும், தோல் சிவந்து வெடித்து உரியும். இதைப் பார்த்துவிட்டுத் தோல் நோய் என்று களிம்பு மட்டும் தடவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நோய் தோலில் இல்லை, கல்லீரலில். மாட்டை உடனே நிழலில் கட்டுங்கள், தண்ணீர் வையுங்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாள் கடந்தால் காப்பாற்றுவது கஷ்டம்.

இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் நல்லது என்கிறார்களே?

குடிக்க வேண்டாம். மேலே சொன்ன அதே கல்லீரல் உங்களுக்கும் இருக்கிறது.

பட்டாம்பூச்சி நிறைய வருகிறதே, அப்படியானால் நல்ல செடிதானே?

வருவது உண்மை. உண்ணிப்பூ நிறைந்த ஒரு வேலியில் காலை பத்து மணிக்கு நின்றால் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் பட்டாம்பூச்சிக்குத் தேன் மட்டும் போதாது. முட்டை வைக்கவும் புழு தின்னவும் அதற்கென்று ஒரு செடி வேண்டும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் சில இனங்களுக்கு, எருக்கு சில இனங்களுக்கு, ஆவாரை சில இனங்களுக்கு. உண்ணி அந்தச் செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டு தேனை மட்டும் கொடுக்கிறது. விருந்து நடக்கிறது, தொட்டில் கட்ட இடமில்லை.

தேன் கொடுக்கும் நம்மூர்ச் செடிகளுக்கும் குறைவில்லை. வெட்சி, கனகாம்பரம், தும்பை, செம்முள்ளி, நொச்சி இவற்றை வைத்துப் பாருங்கள். கிலுகிலுப்பைச் செடி ஒன்று காய்ந்து கிடந்தாலும் அதில் மொய்க்கும் பட்டாம்பூச்சிகளைப் பார்த்தால் உண்ணிப்பூவை மறந்துவிடுவீர்கள்.

வீட்டுத் தொட்டியில் குட்டை லந்தானா வைத்திருக்கிறேன். பிடுங்கிப் போட வேண்டுமா?

நகரத்தின் நடுவில், மொட்டைமாடித் தொட்டியில் இருக்கிறது என்றால் பதறாதீர்கள். ஒன்றைக் கவனியுங்கள், காய் பிடிக்கிறதா? சில ரகங்கள் மலட்டு ரகங்கள், காய்க்காது. பூ உதிர்ந்த பின் பச்சை மணிகள் தெரிந்தால் உங்களுடையது அந்த ரகம் இல்லை. அப்படியென்றால் வாடிய கொத்துகளை அப்போதைக்கப்போது கிள்ளிவிடுங்கள். மலட்டு ரகத்தின் மகரந்தம் பக்கத்துச் செடிக்குப் போக வாய்ப்பு உண்டு என்பதால் முழு நிம்மதி அதிலும் கிடையாது.

உதகை, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை, காட்டோரக் கிராமம் என்றால் என் பதில் வேறு. எடுத்துவிடுங்கள். உங்கள் கேட்டுக்கும் காட்டுக்கும் இடையே ஒரு கொண்டைக்குருவி பறக்கும் தூரம்தான்.

என் நிலத்தில் புதராக மண்டிக் கிடக்கிறது. எப்படி அகற்றுவது?

நான் முதல் வருடம் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். அரிவாளை எடுத்துக்கொண்டு தரையோடு தரையாக வெட்டித் தள்ளினேன். நிலம் சுத்தமாகிவிட்டது என்று மனசு நிறைந்து போனது. மழை பெய்தது. ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுத் தண்டு. அடுத்த வருடம் உள்ளே நுழையவே முடியவில்லை.

அப்புறம்தான் தூரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். இந்தச் செடிக்கு உயிர் இருப்பது தண்டும் வேரும் சேரும் அந்த முடிச்சில். அதற்குக் கீழே ஆணிவேரை அறுத்துவிட்டால் மீதி வேரிலிருந்து தழைப்பது மிகவும் குறைவு. டெல்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்பெட் புலிகள் காப்பகத்தில் பரிசோதித்துச் சொன்ன முறை இது. மருந்து வேண்டாம், பெரிய மெஷின் வேண்டாம்.

செய்வது இப்படி. முதலில் தொரட்டியால் மேல்கிளைகளை இழுத்து ஒதுக்கி, தூர் கண்ணுக்குத் தெரியும்படி வழி செய்துகொள்ளுங்கள். தோல் கையுறை, முழுக்கை சட்டை, கனமான செருப்பு கட்டாயம். தூரைச் சுற்றி மண்ணைக் கொத்தி விலக்குங்கள். மண்மட்டத்துக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீழே ஆணிவேர் தெரியும். அங்கே ஒரே வெட்டு. இப்போது செடியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து, தூர் வானத்தைப் பார்க்க, கிளை தரையில் இருக்கும்படி வைத்துவிடுங்கள். தூர் மண்ணைத் தொட்டால் மறுபடி வேர்விடும், அதற்காகத்தான் இந்தக் கவிழ்ப்பு. இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். முதல் மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது வேலை சுலபம். எப்போது செய்தாலும் பழம் பழுப்பதற்கு முன்னால் செய்யுங்கள்.

ஜேசிபி வைத்துப் பிடுங்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிடுங்கலாம், ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் மண்ணைப் புரட்டிப் போட்டு, அடியில் தூங்கிக்கொண்டிருந்த விதைகளையெல்லாம் வெயிலுக்குக் கொண்டுவந்துவிடுவீர்கள். கூடவே அங்கே ஒளிந்து வளர்ந்துகொண்டிருந்த நல்ல கன்றுகளும் போய்விடும். உண்ணிப் புதருக்குள் முள்ளின் பாதுகாப்பில் எத்தனையோ மரக்கன்றுகள் தப்பிப் பிழைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கையால் வேலை செய்தால் அவற்றைக் காப்பாற்றலாம்.

வெட்டியதோடு வேலை முடியவில்லை, பாதிதான் முடிந்திருக்கிறது. காலியான இடத்தை அப்படியே விட்டால் ஆறு மாதத்தில் உண்ணி நாற்று பாய் விரித்தது போல வரும், அல்லது பார்த்தீனியம் வரும். உடனே புல் விதைக்க வேண்டும். எங்கள் பக்கம் கொழுக்கட்டைப்புல் நன்றாகப் பிடித்தது. உங்கள் மண்ணுக்கு எது ஏற்றது என்று பக்கத்தில் மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். அப்புறம் குறைந்தது மூன்று நான்கு வருடம் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு சுற்று வந்து, விரல் நீளத்தில் இருக்கும் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். அந்த வயதில் இரண்டு விரலால் இழுத்தாலே வந்துவிடும். ஒரு மழை தவறவிட்டால் கடப்பாரை தேவைப்படும்.

பக்கத்தில் இருப்பது காப்புக்காடு என்றால் அங்கே நீங்களாகவே இறங்கி வெட்டக் கூடாது. வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். அயல் களைச்செடிகளை அகற்றிக் காட்டை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அதில் உண்ணிச்செடியும் வருகிறது.

கொளுத்திவிட்டால் என்ன?

வேண்டாம். மேலே எரியும், தூர் பிழைக்கும், அடுத்த மழையில் தழையும். காட்டோரத்தில் தீ வைப்பது சட்டப்படி குற்றமும் கூட.

ஆனால் தீயைப் பற்றி இன்னொரு பக்கமும் உண்டு. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலையில் வாழும் சோளகர் பழங்குடியினர், முன்பெல்லாம் வருடத்தின் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் மெல்லிய தீ வைப்பார்கள். மரம் எரியாது, புல் புதிதாக வரும், சிறு நாற்றாக இருக்கும் உண்ணி கருகிவிடும். 1970களில் அது சரணாலயமாகித் தீ தடை செய்யப்பட்ட பிறகுதான் உண்ணி பெருகியது என்பது அவர்கள் சொல்வது. இன்று அங்கே தீ வைத்தால் அது மெல்லிய தீயாக இருக்காது, எரிவதற்கு அவ்வளவு புதர் சேர்ந்துவிட்டது. காட்டில் தலைமுறையாக இருந்தவர்களின் பேச்சைக் கேட்டு முடிவெடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சப்பாத்திக்கள்ளியைப் பூச்சி விட்டு அழித்தது போல இதை அழிக்க முடியாதா?

நல்ல கேள்வி. சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். தென்னிந்தியாவில் நிலமெல்லாம் மண்டியபோது 1920களில் ஒரு செதில்பூச்சியை விட்டார்கள். சில வருடங்களில் கள்ளிக்காடுகள் சரிந்தன. உலக அளவில் பேசப்படும் வெற்றி அது.

உண்ணிக்கும் முயன்றார்கள். ஹவாய்த் தீவுகளில் 1902இலேயே மெக்சிகோவிலிருந்து பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இந்தியாவுக்கு 1921இல் காயைத் துளைக்கும் ஒரு ஈ வந்தது. 1941இல் இலைச்சாறு உறிஞ்சும் ஒரு பூச்சி வந்தது. சோதனையில் அது தேக்குப் பூவிலும் வாய் வைப்பதைப் பார்த்துவிட்டு அழிக்கச் சொன்னார்கள், அதற்குள் தப்பித்து வெளியே பரவிவிட்டது. இலையை வாட்டும், செடியைக் கொல்லாது.

ஏன் பலிக்கவில்லை? மேலே 650 ரகம் என்று நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? காட்டில் நிற்பது ஒரே ஜாதிச் செடி இல்லை. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கலந்து கலந்து உண்டாக்கிய கலப்புகளின் வாரிசுகள். ஒரு ரகத்தைத் தின்னும் பூச்சி இன்னொரு ரகத்தைத் தொடாது. நிறத்துக்காகச் செய்த கலப்பே செடிக்குக் கவசமாகிவிட்டது.

வெட்டிய செடியை என்ன செய்யலாம்?

காய் இல்லாத இலையும் குச்சியும் மூடாக்குக்கு நல்லது. இயற்கை விவசாயம் செய்பவர்கள் வேம்பு, நொச்சி, எருக்கோடு இந்த இலையையும் சேர்த்து ஊறவைத்துப் பூச்சிவிரட்டி தயாரிக்கிறார்கள். காய்த்த கிளைகளை மட்டும் தனியாகக் குவித்து அங்கேயே மட்க விடுங்கள், வண்டியில் ஏற்றி ஊரெல்லாம் விதைத்துக்கொண்டு போகாதீர்கள்.

தண்டு நல்ல வேலைக்காகும். தண்ணீரில் வேகவைத்துத் தோலை உரித்தால் பிரம்பு போல வளையும், பூச்சியும் எளிதில் அரிக்காது. கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் இதில் நாற்காலி, கூடை எல்லாம் செய்கிறார்கள். மூங்கிலும் பிரம்பும் காட்டில் குறைந்துபோன இடத்தில் இது ஒரு பிழைப்பு.

கூடலூர் பக்கம் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் உள்ளிட்ட பழங்குடிக் கலைஞர்கள் இந்தத் தண்டிலேயே அசல் உயரத்தில் யானைகள் செய்தார்கள். எல்லாம் அவர்கள் பக்கத்தில் நடமாடும் நிஜ யானைகளின் சாயல். அந்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன, 2024இல் அமெரிக்காவுக்குப் போயின. யானையின் தீவனத்தை அழித்த செடியிலேயே யானை செய்து உலகத்துக்குக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் கைக்கு எவ்வளவு கும்பிட்டாலும் தகும்.

அப்படியானால் சந்தை பெருகினால் செடி தானாகத் தீர்ந்துவிடும் இல்லையா?

தீராது. கைவினைக்கு நேரான, தேர்ந்தெடுத்த தண்டுதான் வேண்டும். அதையும் அரிந்து எடுப்பார்கள், தூர் மண்ணிலேயே இருக்கும். பரவும் வேகம் அறுவடை வேகத்தை விடப் பல மடங்கு. கைவினை மக்களுக்கு வருமானம் தருகிறது, அந்த அளவில் அது நல்லது. காட்டை மீட்கும் வேலை தனி வேலை, அதற்குத் தனியாகக் கூலியும் ஆளும் வருடக்கணக்கான பொறுமையும் வேண்டும்.

வேலிக்கு இது வேண்டாம் என்றால் வேறு எதை வைப்பது?

கிளுவை. காங்கேயம் பக்கம் கொரங்காடு மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிப் பாருங்கள், முள்கிளுவை வேலி தலைமுறைகளாக நிற்கிறது. கிளையை வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும், முள்ளும் உண்டு, ஆடு தாண்டாது. முள் வேண்டாம் என்றால் நொச்சியும் ஆடாதொடையும் கலந்து வையுங்கள். இரண்டையும் மாடு தின்னாது, இரண்டும் வீட்டு மருந்துக்கும் ஆகும். உயிர்வேலி என்று சொன்னால் முதலில் இவைதான் என் நினைவுக்கு வரும்.

இது போலத் தோட்டத்திலிருந்து தப்பிய வேறு செடிகள் உண்டா?

நிறைய. குளத்தை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை அதன் ஊதாப் பூவுக்காகக் கொண்டுவரப்பட்டதுதான். நெய்வேலிக் காட்டாமணக்கு வேலிக்கும் அழகுக்கும் வந்து இன்று வாய்க்காலை அடைக்கிறது. முதுமலையிலும் வயநாட்டிலும் மஞ்சள் பூவாகப் பூத்துக் குலுங்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரம், நிழலுக்கும் அழகுக்கும் நட்டது. இப்போது அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் நிலை. பார்க்கில் தரை மூடியாக வைக்கும் மஞ்சள் பூக்கொடி, சிங்கப்பூர் டெய்சி என்பார்களே, அதையும் ஆற்றோரத்தில் வைக்காதீர்கள்.

இவ்வளவு பெரிய பரப்பில் நான் ஒருத்தன் அரை ஏக்கரில் பிடுங்கி என்ன ஆகப்போகிறது? எங்கிருந்து தொடங்குவது?

முழுதாக ஒழிப்பது இனி நடக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் எந்த இடத்தில் விடக் கூடாது என்று முடிவு செய்யலாம். அடர்ந்த புதரை முதலில் தொடாதீர்கள். அங்கே உங்கள் தெம்பு தீர்ந்துவிடும். செடி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் ஓரத்திலிருந்து ஆரம்பித்து உள்நோக்கி வாருங்கள். ஓடை, நீர்க்குட்டை, விலங்கு நடக்கும் தடம் இவற்றுக்கு முன்னுரிமை. பறவை உட்காரும் பெரிய மரங்களின் அடியை மாதம் ஒரு முறை பாருங்கள்.

என் நிலத்தின் மேற்கு மூலையில் ஓர் ஆலமரம் இருக்கிறது. அதன் அடியில் முதல் வருடம் ஒரு மழைக்குப் பின் எண்ணியபோது 200க்கும் மேல் உண்ணி நாற்று. போன மழைக்குப் பிறகு போனேன், பதினொன்று. பிடுங்கி முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. நாற்று இருந்த இடத்தில் இப்போது கணுக்கால் உயரத்துக்குப் புல்.